பத்தாவது மூவில் மேட்: முதல் ரேட்டிங் போட்டிக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகிறவர்களுக்கு

சேலத்தில் நடந்த ஒரு செஸ் ரேட்டிங் போட்டியில், அதாவது ஆடுகிறவரின் பலத்துக்கு எண் போடும் போட்டியில், என் மகள் கருப்பில் ஆடிய ஆட்டம் இது. மூவ்களை எழுதிவைக்கும் ஸ்கோர்ஷீட்டில் உள்ளபடி சொல்கிறேன் (இ4 என்றால் இ வரிசையில் நாலாவது கட்டம்), போர்டு இருந்தால் அடுக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். சிப்பாய் இ4, சிப்பாய் இ5. குதிரை எஃப்3, குதிரை சி6. பிஷப் சி4, குதிரை எஃப்6. நான்காவது மூவில் வெள்ளைக் குதிரை ஜி5-க்குப் பாய்ந்தது, இவள் டி5 தள்ளினாள். இ4 சிப்பாய் டி5-ஐ வெட்டியது, இவள் குதிரையால் திருப்பி வெட்டினாள். ஆறாவது மூவில் எதிரே ஆடிய பையன் குதிரையை எஃப்7-ல் போட்டான். ராணிக்கும் யானைக்கும் ஒரே நேரத்தில் குறி. ராஜாவால் குதிரையை எடுத்தாள். ராணி எஃப்3, செக். ராஜாவை ஜி8-க்குத் திருப்பினாள். பிஷப் டி5 குதிரையை வெட்டி செக், கருப்பு ராணி அந்த பிஷப்பை எடுத்தது, வெள்ளை ராணி கருப்பு ராணியை எடுத்து மறுபடி செக், குறுக்கே பிஷப் இ6, அதையும் ராணி எடுத்தது. மேட்.

ஆட்ட நேரம் ஒருவருக்கு 90 நிமிடம், ஒவ்வொரு மூவுக்கும் 30 விநாடி கூடுதல். தோற்று எழுந்தபோது அவள் கடிகாரத்தில் 91 நிமிடத்துக்கு மேல் இருந்தது. ஆரம்பத்தில் கொடுத்ததைவிட அதிகம். ஒன்பது மூவுக்கு நாலரை நிமிடம் கூடியிருக்கிறது, அவள் மூன்று நிமிடம்கூட யோசிக்கவில்லை.

நுழைவுக் கட்டணம், புதிய பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜ் வாடகை, சாப்பாடு, ஆட்டோ எல்லாம் சேர்த்து ஏழாயிரத்தை நெருங்கிய செலவு. அதற்கு முன்னால் மாதாமாதம் கோச்சுக்குக் கொடுத்தது தனிக்கணக்கு. பணம் போனதைவிட, அழக்கூட முடியாமல் வெளியே வந்து நின்ற பிள்ளைக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றதுதான் கஷ்டமாக இருந்தது. மண்டப வாசலில் பிள்ளைகளோடு நின்ற பெற்றோர்களுக்கு இதெல்லாம் பழகிப்போயிருந்தது. யாரும் யாருக்கும் எதையும் சொல்வதில்லை. தெரிந்துகொண்டதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஆட்டம். இந்தத் திறப்புக்கு, அதாவது ஆட்டத்தின் முதல் சில மூவ்களுக்கு, பெயர் டூ நைட்ஸ் டிஃபென்ஸ். அதில் குதிரை எஃப்7-ல் விழும் அடிக்கு ஃப்ரைட் லிவர் அட்டாக் என்று பெயர். பெரியவர்கள் ஆட்டத்தில் அபூர்வம், சின்னப் பிள்ளைகள் பிரிவில் கேட்டுப்பாருங்கள், எல்லோர் பையிலும் இருக்கும். காரணம் எளிது. ஆட்டத் தொடக்கத்தில் எஃப்7 சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாது. சி4-ல் இருக்கும் பிஷப்பும் ஜி5-க்கு வரும் குதிரையும் அந்த ஒரே கட்டத்தைத்தான் பார்க்கின்றன. இதைப் பார்த்துப் பயந்து ஹெச்6 தள்ளி குதிரையை விரட்டப் பார்க்கும் பிள்ளைகள் நிறைய. அது ஒரு மூவ் தாமதம். குதிரை ஓடாது, எஃப்7-ல்தான் விழும். அதனால்தான் டி5. அந்தச் சிப்பாய் பிஷப்பின் பாதையை அடைக்கிறது. என் மகள் அதுவரை சரியாகத்தான் ஆடினாள்.

பிசகு ஐந்தாவது மூவில். சிப்பாய் போனால் உடனே திருப்பி எடுக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்குக் கையில் ஊறிய பழக்கம். ஆனால் குதிரையால் டி5-ஐ எடுத்ததும் எஃப்6 காலியாகிறது, எஃப் வரிசை ராணிக்குத் திறக்கிறது. அடி விழுந்து ராணி செக் கொடுத்த பிறகு ராஜா போகக்கூடிய ஒரே உருப்படியான இடம் இ6, அதாவது போர்டின் நட்டநடு. டி5 குதிரையைக் காப்பாற்ற ராஜாவே காவல் நிற்க வேண்டும். அடுத்து வெள்ளை இன்னொரு குதிரையை சி3-க்குக் கொண்டுவந்து அதே டி5 மேல் மூன்றாவது ஆளாக நிறுத்தும், கருப்பு சி6 குதிரையை பி4-க்குப் போட்டுத் தாங்கும். கம்ப்யூட்டர் இதைத் தாங்கலாம் என்று சொல்லும். பத்து வயதுப் பிள்ளை தாங்காது. ராஜாவை மூலைக்கு அனுப்பினால் பத்திரம் என்றுதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அதனால் ஜி8. அங்கே போனால் மேலே சொன்ன மாதிரி மூன்றே மூவில் முடிந்துவிடும். மூலை எப்போது பத்திரம், எப்போது பொறி என்பதை யாரும் சொல்லவில்லை.

சரியான பதில், சிப்பாயைத் திருப்பி எடுக்காமல் சி6 குதிரையை ஏ5-க்கு விட்டு சி4 பிஷப்பை மிரட்டுவது. வெள்ளை பிஷப் பி5-ல் செக் கொடுக்கும். சி6 தள்ள வேண்டும். டி5 சிப்பாய் சி6-ஐ வெட்டும், பி7 சிப்பாயால் எடுக்க வேண்டும். இப்போது பி5 பிஷப் ஓட வேண்டும். இ2-க்குப் போனால் ஹெச்6, குதிரை எஃப்3-க்குத் திரும்பும், இ4 தள்ளி மறுபடி விரட்டலாம், அது இ5-க்கு வந்தால் பிஷப் டி6 வைத்துத் திரும்பவும் துரத்தலாம். கணக்குப் பார்த்தால் கருப்புக்கு ஒரு சிப்பாய் குறைவு. அதற்குப் பதிலாக வெள்ளைக் காய்கள் ஓடிக்கொண்டே இருக்க, கருப்புக் காய்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து உட்கார்கின்றன. இதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் எட்டாவது மூவில் காய்களை எண்ணிப் பார்த்து, ஒன்று குறைகிறதே என்று பதறி, இழந்த சிப்பாயைத் தேடிப் போய் மொத்தத்தையும் கெடுத்துக்கொள்ளும்.

இதை வரிசையாக மனப்பாடம் பண்ணவைத்தால் இன்னொரு சிக்கல். எதிராளி மனப்பாடம் பண்ணியது வேறாக இருக்கும். ஆறாவது மூவில் பி5 செக் கொடுக்காமல் சும்மா டி3 வைப்பார்கள். பழகாத பிள்ளை அங்கேயே நின்றுவிடும். பதில் அதே யோசனைதான்: ஹெச்6, குதிரை எஃப்3, இ4. ராணி இ2 வந்தால் குதிரையால் சி4 பிஷப்பை எடுத்துவிட்டு, அவர்கள் சிப்பாயால் திருப்பி எடுத்ததும் பிஷப் சி5. மற்றொன்று, எட்டாவது மூவில் பிஷப்பை நகர்த்தாமலேயே வெள்ளை ராணி எஃப்3-க்கு வருவது. பி5-ல் பிஷப் இலவசமாக நிற்பதுபோல் தெரியும். சி6 சிப்பாயால் அதை வெட்டினால் ராணி நேராக ஏ8 யானையை எடுத்துவிடும். முதலில் யானையை பி8-க்கு நகர்த்த வேண்டும். இந்த இரண்டு இடத்தையும் பிள்ளையிடம் கேளுங்கள். ஏன் என்று வாயால் சொல்ல முடிந்தால் அந்தத் திறப்பு அதற்குத் தெரியும், இல்லாவிட்டால் தெரியாது. மூவை மட்டும் ஒப்பிப்பது கணக்கில் சேராது.

இவ்வளவும் வேண்டாம் என்றால் ஒரு சுருக்கு வழி இருக்கிறது, முதல் ஒரு வருடத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். மூன்றாவது மூவில் குதிரை எஃப்6 வைக்காமல் பிஷப் சி5 வைத்துவிடுங்கள். ராணியின் பாதை திறந்தே இருக்கும். அப்போது வெள்ளை குதிரையை ஜி5-க்குக் கொண்டுவந்தால் ராணி அதைச் சும்மா எடுத்துக்கொள்ளும். யாராவது அப்படி வைப்பார்களா என்று நினைக்காதீர்கள். கைப்பழக்கத்தில் ஜி5 வைத்துக் குதிரையை இழந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பிஷப் சி5-க்கு எதிராகக் கவனிக்க வேண்டியது சி3 (நம் பதில் குதிரை எஃப்6), பிறகு டி4. இ5 சிப்பாயால் டி4-ஐ வெட்டி, அவர்கள் சி3 சிப்பாயால் திருப்பி வெட்டியதும் பிஷப்பை பி6-க்குப் பின்வாங்கக் கூடாது. வாங்கினால் வெள்ளையின் இரண்டு நடுச் சிப்பாய்களும் உருண்டு வரும். பி4-ல் செக் கொடுக்க வேண்டும். வெள்ளை பிஷப் டி2 வைத்தால் மாற்றிக்கொண்டு, குதிரையால் அவர்கள் எடுத்ததும் உடனே டி5. அந்த ஒரு தள்ளில் நடுப்பகுதி உடைந்து ஆட்டம் சமமாகிவிடும். நான்காவது மூவிலேயே வெள்ளை பி4 தள்ளிச் சிப்பாயைத் தூண்டில் போட்டால், ஆசைப்படாமல் பிஷப்பை பி6-க்கு விட்டாலும் ஒன்றும் குடிமுழுகாது.

ஒன்பது வயதுக்கு உட்பட்ட பிரிவில் இதைவிட எளிய அடி ஒன்று உண்டு: இரண்டாவது மூவிலேயே ராணி ஹெச்5. இ5 சிப்பாயைக் காக்கக் குதிரை சி6. அடுத்து பிஷப் சி4 வந்ததும் அவசரத்தில் குதிரை எஃப்6 வைத்தால் ராணி எஃப்7-ல் மேட். அதற்குப் பதில் ஜி6 தள்ளி, ராணி எஃப்3 போன பிறகு குதிரை எஃப்6. அவ்வளவுதான்.

வெள்ளைக்கு லண்டன் சிஸ்டம் என்ற திறப்பைச் சொல்லிக்கொடுக்கும் கோச்சுகள் இப்போது அதிகம். 2024 டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்ற பிறகு அஸ்தம்பட்டியிலும் ஃபேர்லேண்ட்ஸிலும் எங்கே திரும்பினாலும் வகுப்பு போர்டு. கூட்டம் வரும்போது எல்லோருக்கும் ஒரே மாதிரி சீக்கிரம் சொல்லித்தரக்கூடியது லண்டன்தான்: டி4, பிஷப் எஃப்4, இ3, சி3. தப்பில்லை. ஆனால் எதிராளி சி5 தள்ளி ராணியை பி6-ல் வைத்து பி2 சிப்பாயைக் கேட்டால் என்ன செய்வதென்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. கோச்சிடம் சேர்க்கும்போது எத்தனை திறப்பு சொல்லித்தருவீர்கள் என்று கேட்காதீர்கள். பிள்ளை தோற்ற ஆட்டத்தின் ஸ்கோர்ஷீட்டை உட்கார்ந்து பார்ப்பீர்களா என்று கேளுங்கள். எங்களுக்கு வாய்த்தவர் அந்தப் பத்து மூவ் ஷீட்டை வாங்கிப் பார்க்கவே இல்லை.

இனி போர்டுக்கு வெளியே. ஏற்காட்டிலிருந்து வருகிறவர்கள் முதல் ரவுண்டு அன்று காலையில் இறங்கி வராதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த பிள்ளைக்குத் தலை நிற்க நேரம் வேண்டும். முந்தின நாளே கீழே வந்துவிடுவது லாட்ஜ் செலவுக்குத் தகும். மலையில் வளர்ந்த பிள்ளைக்குச் சேலத்து மே மாத வெயில் தனி வாதை. அதே நேரம் ஹால் ஏசி என்றால் குளிரும், ஒரு முழுக்கைச் சட்டை பையில் இருக்கட்டும். இரண்டு ரவுண்டுக்கு நடுவில் தட்டுவடை செட் கேட்டு அடம் பிடிக்கும். சாயங்காலம் வாங்கிக்கொடுங்கள், ஆட்டத்துக்கு முன்னால் தயிர்சாதம் போதும். எவ்வளவு நேரம் தாமதமானால் தோல்வி என்பது போட்டிக்குப் போட்டி மாறும். அறிவிப்பில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். கடிகாரமும் போர்டும் நாமே கொண்டுவர வேண்டுமா என்பதும் அங்கேதான் இருக்கும்.

முதல் ரவுண்டில் பலமான ஆள் வருவது அதிர்ஷ்டக்கேடு இல்லை. ஸ்விஸ் முறையில் ரேட்டிங் வரிசைப் பட்டியலை இரண்டாக மடித்து மேல் பாதியைக் கீழ் பாதியோடு மோதவிடுவார்கள். 200 பேர் இருந்தால் 150-ஆம் எண் 50-ஆம் எண்ணோடு ஆடும். ரேட்டிங் இல்லாத பிள்ளை கீழேதான் இருக்கும். அதைச் சொல்லிக் கூட்டிப்போனால் தோற்றாலும் முகம் சுண்டாது. இரண்டாவது ரவுண்டிலிருந்து முடிந்தவரை ஒரே அளவு புள்ளி உள்ளவர்கள் மோதுவார்கள்.

விதிகளில் பிள்ளைகள் மாட்டுவது சில இடங்களில்தான். காயைத் தொட்டால் ஆட வேண்டும், இது எல்லோருக்கும் தெரியும். கேசலிங் (ராஜாவையும் யானையையும் ஒரே மூவில் நகர்த்துவது) பண்ணும்போது யானையை முதலில் தொட்டுவிட்டால் அந்தப் பக்கம் அந்த மூவில் கேசலிங் கிடையாது, யானையைத்தான் நகர்த்த வேண்டும் என்பது தெரியாது. ராஜாதான் முதலில், அதுவும் ஒரே கையால். இரண்டு கையாலும் காய்களைப் பிடித்து நகர்த்திக் கடிகாரத்தை அமுக்கினால் அது விதிமீறிய மூவ். சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனதும் மகிழ்ச்சியில் அப்படியே கடிகாரத்தை அமுக்கிவிடுவார்கள். என் மகளுக்கு அடுத்தடுத்த ரவுண்டு ஒன்றில் இதுதான் நடந்தது. நடுவரான ஆர்பிட்டர் வந்தார். “பாப்பா, சிப்பாய எடுத்துட்டு ராணிய வெச்ச பிறகுதான் க்ளாக்” என்றார். சிப்பாய் ராணியானது, எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கிடைத்தது. அதே ஆட்டத்தில் விதிமீறிய மூவ் இரண்டாவது முறை வந்தால் ஆட்டமே போய்விடும். பக்கத்தில் ராணி இல்லையென்றால் தலைகீழாக யானையை வைக்கக் கூடாது. கடிகாரத்தை நிறுத்திவிட்டு கையைத் தூக்கி ஆர்பிட்டரிடம் ராணி கேட்கலாம்.

டிரா கேட்பதிலும் ஏமாறுகிறார்கள். தோற்கப்போகிற பிள்ளை மூவுக்கு மூவ் “டிராவா, டிராவா” என்று அரித்துக்கொண்டே இருக்கும். நம் பிள்ளை தொல்லை தாங்காமல் கை கொடுத்துவிடும். தொடர்ந்து கேட்பது தொந்தரவு செய்வதில் சேரும், கை தூக்கி ஆர்பிட்டரைக் கூப்பிட உரிமை இருக்கிறது. இதை வீட்டில் ஒத்திகை பார்க்க வேண்டும். “கையத் தூக்கு கண்ணு, யாரும் திட்ட மாட்டாங்க” என்று சொன்னால் மட்டும் போதாது. கூச்சப்படும் பிள்ளை அந்த ஹாலில் தூக்காது. வீட்டில் நீங்கள் எதிராளியாக உட்கார்ந்து வேண்டுமென்றே தொந்தரவு கொடுத்துப் பழக்குங்கள்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு ஷீட்டிலும் முடிவு எழுதி இருவரும் கையெழுத்திடுவார்கள். கருப்பில் ஜெயித்த பிள்ளை, எனக்குத்தானே ஒன்று என்று 1-0 எழுதிவிடும். 1-0 என்றால் வெள்ளை ஜெயித்தது, கருப்பு ஜெயித்தால் 0-1. கையெழுத்துப் போட்ட பிறகு மாற்ற அலைய வேண்டும். அடுத்த ரவுண்டில் யாரோடு யார் என்ற பேரிங் வருவதற்குள் செஸ்-ரிசல்ட்ஸ் தளத்தில் புள்ளி சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், தவறு இருந்தால் உடனே சொல்லுங்கள். பிள்ளையின் பையிலோ சட்டையிலோ போன் இருக்கக் கூடாது. அது மணி அடிக்க வேண்டும் என்றுகூட இல்லை.

நேரத்தைச் செலவழிக்கப் பழக்குவதுதான் மிகக் கடினம். நாங்கள் செய்தது இது: எதிராளி மூவ் வைத்ததும் முதலில் அதை ஷீட்டில் எழுதிவிட வேண்டும், எழுதும்வரை கை போர்டுக்கு மேல் போகக் கூடாது. எழுதி முடித்ததும் அவன் எந்தக் காயைக் குறிவைக்கிறான் என்று ஒரு தடவை பார்க்க வேண்டும். பிறகு எனக்கு என்ன செக் இருக்கிறது, என்ன வெட்டு இருக்கிறது. தன் மூவை வைப்பதற்கு முன்னாலேயே எழுதிவைப்பது விதிப்படி கூடாது, அதனால் எதிராளியின் மூவை எழுதுவதுதான் இயல்பான கடிவாளம். திறப்பில் தெரிந்த மூவ் தீர்ந்த இடத்தில், அதாவது முதன்முதலாக எதிராளி புதிதாக ஒன்று வைக்கும்போது, கட்டாயம் ஐந்து நிமிடம். வீட்டில் பத்தாவது மூவ் நிலையை அடுக்கிவைத்து, அங்கிருந்து இரண்டு நிறத்திலும் ஆடவிட்டால் இந்தப் பழக்கம் சீக்கிரம் வருகிறது. மூவுக்கு மதிப்பெண் போடும் கம்ப்யூட்டர் என்ஜினைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். முதலில் திறந்தால் பிள்ளை எண்ணைப் பார்க்கும், போர்டைப் பார்க்காது.

பதிவு விஷயம் சுருக்கமாக. அகில இந்திய செஸ் கூட்டமைப்பின் பதிவு எண் இல்லாமல் ரேட்டிங் போட்டியில் சேர முடியாது. கடைசி நாளில் செய்யாதீர்கள். வயதுப் பிரிவு ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடப்படும். பெயரும் பிறந்த தேதியும் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும், இனிஷியல் முன்னால் பின்னால் மாறினால் பிறகு திருத்த நேரமாகும்.

ரேட்டிங் கிடைக்க, ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது ஐந்து ஆட்டம் வேண்டும். எல்லாம் ஒரே போட்டியில் வர வேண்டியதில்லை. 2024 மார்ச் 1 முதல் ஆரம்ப வரம்பு 1400, அதற்குக் கீழே வந்தால் பட்டியலில் ஏறாது. அதனால் முதல் போட்டியிலேயே ரேட்டிங் வாங்கித்தருகிறேன் என்று யாராவது சொன்னால் கட்டணத்தைக் கொடுக்குமுன் யோசியுங்கள். கிடைத்த பிறகு பிள்ளைகளுக்கு எண் வேகமாக ஏறும், அதே வேகத்தில் இறங்கும். பெரியவர்களைவிட அவர்களுக்குப் பெருக்கெண் அதிகம், 40. தனக்குச் சமமான ஆளை ஜெயித்தால் 20 புள்ளி கூடும், தோற்றால் 20 குறையும். புதிய பட்டியல் ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் தளத்தில் வரும். மாதக் கடைசியில் முடிந்த போட்டியின் கணக்கு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகலாம், 1-ஆம் தேதி காணோமே என்று போன் போட வேண்டாம்.